விக்கல்

சிப்காட், இரவு ஒன்று இருபது.
கழிவுநீர் நிலையத்தில் ப்ளோயர் நின்று
நாற்பது நிமிடம்.
காற்றுத் தொட்டியில் நுரை அடங்கிவிட்டது.
"பூச்சிங்க செத்துடும் சார்" என்கிறான் வஜ்ஜிரவேலு,
கண்ணுக்குத் தெரியாத கோடிப் பேருக்காகக்
கையைப் பிசைந்தபடி.
தோல் கழுவிய கொழுப்பையும் மயிரையும் தின்று
பாலாற்றுக்குக் காவல் இருப்பவர்கள்.

பேனல் கதவைத் திறக்கிறேன்.
ராணிப்பேட்டையின் மே மாதம்
உள்ளேயும் குடியிருக்கிறது.
முட்டுக்கொடுத்த டேபிள் ஃபேன்
சூட்டை இடம் மாற்றுகிறது, அவ்வளவே.

பவர் சப்ளையின் பச்சை விளக்கு
எரிகிறது, அணைகிறது, எரிகிறது.
டிக். டிக். டிக்.
கன்ட்ரோலரின் ரன் விளக்கு எழப் பார்த்து
ஒவ்வொரு முறையும் படுத்துவிடுகிறது.

"இன்னா சார், விக்கினு கீது?"
சரியான சொல். கையேட்டிலும் அதற்கு அதே பெயர்.
"யாரோ நெனைச்சுகினு கீறாங்க போல."
நினைப்பவர் மேனேஜர் வாஜித் பாய்,
மேல்விஷாரத்தில் தூங்காமல்,
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என் போனில்.
"புதுசு வாங்கிடலாமா?
காலையில மெட்ராஸ்ல இருந்து பஸ்ல போட்டுடுவான்."
காலை வரை இங்கே
யாருக்கு மூச்சு இருக்கும்.

உள்ளே வருவதை அளந்தேன்: இருநூற்று இருபத்தாறு.
ஃப்யூஸ் நல்லது.
வெளியே போவது: நான்கு, பதினொன்று, பூஜ்யம், ஆறு.
மீட்டரில் எண்கள் உட்கார மறுக்கின்றன.
செத்தது இதுதான் என்று எழுதிவிடலாம்.
நானே எழுதியிருக்கிறேன், காட்பாடியில்,
ஒரு குற்றமற்ற பெட்டியைக்
கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு.

இந்த முறை
வெளிக்கம்பிகள் அத்தனையையும் உருவினேன்.
விக்கல் நின்றது.
இருபத்துநான்கு புள்ளி ஒன்று.
தனியாக விட்டால் நன்றாகத்தான் இருக்கிறது.
எங்கிருந்தோ யாரோ பிடித்து இழுக்கிறார்கள்.

ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினேன்.
கன்ட்ரோலர். ரன் விளக்கு எழுந்து நின்றது.
இன்புட் கார்டு. அசையவில்லை.
ரிலே வரிசை கடுகு போலப் பொரிந்து அடங்கியது.
லெவல் ஸ்விட்ச் இரண்டு, டோசிங் பம்பு ஒன்று.
ஏழாவது கம்பி டெர்மினலைத் தொட்டதும்
டிக்.

பிஎச் மீட்டருக்குப் போகும் கம்பி.
டார்ச்சோடு நடந்தோம் தொட்டி விளிம்பில்,
நாற்றம் எங்களுக்கு முன்னால் போக.
கைப்பிடியில் கட்டிய ஜங்ஷன் பாக்ஸ்.
மூடியைத் திறந்ததும்
ஒரு குவளைத் தண்ணீர் என் ஷூவில் இறங்கியது.
பச்சை பிடித்த செம்பு.
இரு முனைக்கும் நடுவே உப்பு கட்டிய பாலம்.

மூன்று மாதத் தெறிப்பு எந்த வழியாக வந்தது?
கேபிள் நுழையும் கிளாண்டின் நட்டு
விரல் பட்டதும் சுற்றுகிறது.
இறுக்கவே இல்லை.

மாசியில் இந்தப் பெட்டியை மாட்டியவன் நான்.
அன்று கிருத்திகை.
ரத்தினகிரிக்கு வருகிறேன் என்று
வீட்டில் சொல்லியிருந்தேன்.
ஸ்பேனர் பேனல் ரூமில்.
அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று
கையால் திருகிவிட்டுப் போன அந்த
அப்புறம்
இதோ வந்திருக்கிறது.

வஜ்ஜிரவேலு டார்ச்சைப் பிடித்திருந்தான்.
ஒன்றும் கேட்கவில்லை.
முனைகளை வெட்டி, சீவி, புதிதாகக் கட்டி
நட்டை இறுக்கினேன்,
அது கிறீச்சிட்ட பிறகும் இன்னொரு கால் சுற்று.

ஏழாவதை மாட்டினேன். விக்கல் இல்லை.
ப்ளோயர் முதலில் முனகியது, பிறகு பிடித்துக்கொண்டது.
தொட்டி நடுவே ஒரு கொப்புளம்.
பிறகு எல்லாப் பக்கமும்.
"எழுந்துட்டானுங்க" என்றான்,
எல்லாரையும் பேர் சொல்லி அழைக்கத் தெரிந்தவன் போல.

வாஜித் பாய்: "இன்னா ஆச்சு, பெட்டி போச்சா?"
"பெட்டி நல்லா கீது பாய்."
"அப்ப தப்பு எதுல?"
சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

லாக் புக்கில் காரணம் என்ற கட்டம்
கட்டைவிரல் அகலம்தான்.
எழுதினேன்: கிளாண்ட் நட்டு இறுக்கப்படவில்லை.
செயப்பாட்டு வினையில் ஆள் தெரிவதில்லை.

பேனாவை மூடுவதற்குள்
எனக்கு விக்கல் எடுத்தது.
வஜ்ஜிரவேலு தண்ணீர் பாட்டிலை நீட்டினான்,
"யாரோ" என்று தொடங்கி
நிறுத்திக்கொண்டு.