இடது முழங்கால்

நெல்லித்தோப்பில் சாயங்காலம் ஆறு மணிக்குச்
சரளை மண்ணில் இரும்புக் குண்டு விழும் ஓசை
எங்கள் மாடிச் சமையலறை வரை கேட்கும்.
கணீரென்றால் அடித்துவிட்டார்.
பொத்தென்றால்
ராத்திரி ரசம் மட்டும் போதும் என்பார்.

மின்துறைக் கம்பத்திலிருந்து விழுந்த வருடம்தான்
இவர் பெத்தாங் ஆடத் தொடங்கியது.
இடது முழங்கால் மடங்காது.
அதனால் இடுப்பை ஒருபக்கம் ஒடித்து,
ஒரு கணம் நின்று,
மூச்சை மூக்கால் தள்ளிவிட்டு எறிவார்.
தைலம் தேய்ப்பவள் நான்.
அந்த ஒரு கணத்துக்குள் என்ன இருக்கிறதென்று
என் கட்டைவிரலுக்குத் தெரியும்.

பையன்களுக்குத் தெரியாது.
முதலில் யுகேந்திரன் சாய்ந்தான்.
பிறகு மீன்கடை அந்துவானின் இரட்டைப் பிள்ளைகள்.
"ஏண்டா நொண்டுறீங்க?" என்று இவரே கத்தினார்.
"குண்டு நேரா போவுதுண்ணே."
போனதுதான் வேடிக்கை.

போன மாசியில் உப்பளத்தில் போட்டி.
லாசுப்பேட்டைப் பையன் ஒருவன்,
இவரைக் கண்ணால் பார்த்தே இராதவன்,
இடுப்பை ஒடித்தான், நின்றான்,
மூக்கால் மூச்சு விட்டான்.
யாருடைய வலியென்று தெரியாமலே
அவ்வளவு சுத்தமாக.

ஜிப்மரில் மூட்டு மாற்றினார்கள்.
ஊன்றுகோல் பரணுக்குப் போனது.
கால் மடங்கியது, அழகாக.
குண்டு மட்டும் எங்கெங்கோ போனது,
ஒன்று சாக்கடைக்குள்.
பொத். பொத்.
பதினொரு நாள் தொடர்ந்து ரசம்.

நேற்று இட்லிமாவு வாங்கித் திரும்பும்போது பார்த்தேன்.
ஆட்டம் முடிந்து எல்லாரும் போயிருந்தார்கள்.
யுகேந்திரனை முன்னால் நிறுத்தி
அவன் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார் இவர்,
பரீட்சைக்கு முந்தின நாள் மாதிரி.
"இன்னொரு தடவை. மெதுவா."
அவன் சாய்ந்தான். இவர் சாய்ந்தார்.
"மூச்ச விட்டுட்டீங்கண்ணே."
"ஆமால்ல" என்று
மறுபடி முதலிலிருந்து.

நான் கூப்பிடவில்லை.
மாடிப்படி பதினேழு.
எட்டாவதில் எப்போதும் போல் நின்றேன்,
சுவரில் இடதுகையை ஊன்றி.
எனக்கு முழங்காலில் ஒன்றுமில்லை.
இவர் நிற்கும் படி அது,
நின்றுகொண்டிருந்த படி.
இப்போதெல்லாம் அவர்
நிற்காமலே ஏறிவிடுகிறார்.