ஆறு கண் பெட்டி

மூன்றடைப்பு தாண்டியதும்
தூறலில் போன் சார்ஜர் நனைந்தது.
நனைந்தது சார்ஜர் மட்டும்.
அணைந்தது
முகப்பு விளக்கு, பின்விளக்கு, ஹாரன்,
மீட்டருக்குள் இருந்த அந்தச் சின்ன நீலம்கூட.
எஞ்சின் மட்டும்
ஒன்றுமே நடவாதது மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

நாலுவழிச் சாலையில் நான் இருப்பது
எனக்கு மட்டுமே தெரிந்த பதினொன்றரை மணி.
நாகர்கோவிலுக்கு வாழைத்தார் ஏற்றிப்போன லாரியின்
ஒற்றைச் சிவப்பைப் பிடித்துக்கொண்டே
நாங்குநேரி வந்து சேர்ந்தேன்.

பங்க்சர் கடைக்காரர் பீஸைப் பிடுங்கி
டார்ச்சில் பார்த்தார்.
"எல்லாத்தையும் ஒத்த உசுருல
தொங்கவிட்டிருக்கீரே வே."
பிறகு ஒரு வயரின் தோலை உரித்து
செம்பு இழை ஒன்றை எடுத்தார்.
"இதச் சுத்திட்டா ஜென்மத்துக்கும் போவாது."

ஜென்மத்துக்கும் போகாததை
நான் பார்த்திருக்கிறேன்.
காற்றாலைப் பராமரிப்பில் ஒன்பது வருடம்.
ராதாபுரம் பக்கம் ஒரு காத்தாடியில்
அடிக்கடி போகிற பீஸுக்குப் பதில்
எவனோ ஒரு போல்ட்டைச் செருகியிருந்தான்.
ஆடிக் காற்றில்
எண்பது மீட்டர் உயரத்தில்
விடிய விடிய எரிந்தது அது.
கீழே நின்று அண்ணாந்து பார்ப்பது தவிர
ஒருவருக்கும் வேலை இல்லை.

வேண்டாம் அண்ணாச்சி, என்றேன்.
வள்ளியூருக்கு விடிந்த பிறகு போனேன்.

பாடப் புத்தகத்தில் பீஸுக்கு உருகி என்று பெயர்.
அன்றைக்கு வகுப்பே சிரித்தது,
உபவாசக் கூட்டத்தில் உருகுகிற
எங்கள் உபதேசியாரை நினைத்து.
இப்போது அந்தப் பெயரில்
குறை ஒன்றும் தெரியவில்லை.

ஞாயிறு, ஆராதனை முடிந்து,
வாசலில் சீட்டைக் கழற்றினேன்.
வண்ணாரப்பேட்டையில் வாங்கிய பெட்டி,
நானூற்று எழுபது ரூபாய், ஆறு கண்.
பேட்டரியிலிருந்து தடித்த சிவப்பு வயர்,
ஒரு சாண் போவதற்குள்
இருபது ஆம்பியர் மஞ்சள்.
அடுத்து ரிலே:
முப்பதில் பேட்டரி,
எண்பத்தேழில் பெட்டி,
எண்பத்தைந்து எர்த்,
எண்பத்தாறுக்குப் பின்விளக்கு வயரிலிருந்து
ஒரு சொட்டு கடன்.
சாவி திருப்பினால் டிக்.
அந்த டிக்கைக் கேட்கவே
ஏழெட்டுத் தடவை திருப்பினேன்.

"இதனால கரண்ட் கூடுமா?" என்றாள் செலின்.
கூடாது. காயில் தருவதுதான்.
பெட்டி பங்கு வைக்கும்.
"நம்ம சம்பளம் மாதிரி" என்றவள்
ஆஸ்பத்திரிப் பையிலிருந்து பிளாஸ்திரி எடுத்து
டிரிப் பாட்டிலுக்கு எழுதுவதுபோலவே
எழுதி ஒட்டினாள்,
பெயர், அளவு, தேதி.
பனிவிளக்கு பத்து. இரட்டை ஹாரன் பதினைந்து.
சார்ஜர் மூன்று.
மிச்சம் மூன்று கண்ணில் ஒன்றுக்கு
செலின் என்று எழுதி
அளவு போடாமல் விட்டாள்.
எத்தனை ஆம்பியர், என்று கேட்டேன்.
"போகும்போது தெரியும்."

ஐப்பசி இரண்டாம் வாரம் அதே சாலை,
தூறல் இல்லை, மழையேதான்.
மூன்றடைப்பு தாண்டியதும்
போன் சார்ஜ் ஏறுவது நின்றது.
நின்றது அது மட்டும்.
வெளிச்சம் ரோட்டின் மேல் போய்க்கொண்டிருந்தது,
நான் அதன் பின்னால்.
பணகுடிக்கு அப்பால் காத்தாடிகளின் சிவப்புக் கண்கள்
சேர்ந்து மூடின, சேர்ந்து திறந்தன.

காலையில் ஊதா பீஸைப் பிடுங்கிப் பார்த்தேன்.
கண்ணாடி உடம்புக்குள்
மயிரிழை வளைவு நடுவில் அறுந்து
ஓரம் லேசாகக் கருகியிருந்தது.
எறிய மனம் வரவில்லை.
சட்டைப் பையில் போட்டு மறந்துவிட்டேன்.

துவைக்கும்போது செலின் கண்டெடுத்தாள்.
"இது யாரு?"
சார்ஜர், என்றேன். மூணு ஆம்பியர்.
ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு
சீட்டைத் தூக்கச் சொன்னாள்,
பிளாஸ்திரியில்
தேதியை மட்டும் மாற்றி எழுதினாள்.