நாற்பத்து நாலுக்கு நாற்பத்தாறு

காலையில் இரண்டு மாத்திரை, இரவில் ஒன்று.
வெள்ளரி ஊறுகாயைக் கண்ணால் பார்க்கலாம், கையால் தொடக் கூடாது
என்று சொன்ன டாக்டர் யுஸ்தினா
நான் கதவைத் திறக்கும்போது கேட்டார்:
போன வருஷம் கொடுத்தீர்களே ஒரு ஜாடி,
இந்த வருஷம் போடவில்லையா?

எனக்கு அறுபத்து மூன்று.
பேருந்துப் பணிமனையில் முப்பது வருஷம்
சில்லறை எண்ணிய விரல்கள்
இப்போது வார்த்தா ஆற்றங்கரையில்
ஏழு சென்ட் குத்தகை மண்ணைக் கிளறுகின்றன.
தக்காளி. பீட்ரூட். தானே முளைத்துத் தானே சாயும் சதகுப்பை.
கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஸ்டேடியம்.

அங்கே ஓடுவது மோட்டார் சைக்கிள்.
நாலு பேர், நாலு சுற்று, ஒரு நிமிஷம்.
வண்டியில் பிரேக் கிடையாது.
யாரோ மறந்து வைக்காமல் விட்டதல்ல,
விதியே அதுதான்.
வளைவில் அவர்கள் வாரி இறைக்கும் செம்புழுதி
என் தக்காளி இலைகளில் வந்து படியும்.
கழுவித்தான் தின்ன வேண்டும்.
ஜெயித்த வாரம் கழுவுவதில்லை.

இந்த வருஷம் ஒன்பது ஞாயிறாகக் கழுவிக்கொண்டிருக்கிறேன்.

அங்கே போகாதே, கத்தாதே, படபடக்காதே.
சரி என்றேன்.
கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து
கைப்பட்டையைச் சுற்றிக்கொண்டேன்.
ரத்த அழுத்தக் கருவி ஊதி ஊதிப் பிடிக்க,
வேலிக்கு அப்பால் நாலு எஞ்சினும்
ஒரே தொண்டையாகக் கத்தும்.
முன்னால் போவது நம் பையனா என்று
எஞ்சினைக் கேட்டால் தெரியாது.
கூட்டத்தைக் கேட்டால் தெரியும்.
அதிலும் தெரியாவிட்டால் பக்கத்துத் தோட்டத்து ஸெனோபியுஷ்.
அவர் எதிரணி ஊரில் பிறந்தவர், காதில் ரேடியோ.
அவர் வாய் திறந்தால் நாங்கள் பின்னால் என்று அர்த்தம்.
அன்று அவர் மிகவும் பேசினார்.

அம்மா, ஜெயிக்கிற அணியைப் பிடித்துக்கொள்ளேன்,
உடம்புக்கும் நல்லது என்கிறாள் மகள்.
காய்க்கவில்லை என்று மண்ணை விட்டுவிடுகிறோமா
என்று பதில் சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை. பொய்யாகிவிடும்.
முள்ளங்கியை மூன்றே வருஷத்தில் கைவிட்டவள் நான்.
கோசுக்குப் புழு வந்ததும் கோசையும் விட்டேன்.
முதல் கணவரை விட்டது தனிக் கதை.
இந்த அணியை மட்டும்
ஏன் விட முடியவில்லை என்று தெரியவில்லை.

கடைசி ஓட்டம்.
நாற்பத்தொன்றுக்கு நாற்பத்து மூன்று.
ஜூனில் தோள்பட்டை எலும்பு முறிந்து
தகடு வைத்துத் தைத்துக்கொண்டு வந்த திமோன்
எல்லோருக்கும் முன்னால் வந்தான்.
அவன் கூட்டாளி எல்லோருக்கும் பின்னால்.
ஆளுக்கு மூன்று புள்ளி.
கூட்டம் ஒரு பெருமூச்சு விட்டது,
தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது போல.
ஸெனோபியுஷ் ரேடியோவை அணைத்தார்.
ஒன்றும் சொல்லாமல்
வேலி மேலாக ஒரு பேரிக்காய் நீட்டினார்.
அதுதான் எரிச்சலாக இருந்தது.
வாங்கிக்கொண்டேன்.

புதன்கிழமை டாக்டர் என் நோட்டைப் புரட்டினார்.
புருவம் நெற்றியைத் தாண்டியது.
ஞாயிறு மாலை, நாற்பத்து நாலுக்கு நாற்பத்தாறு.
மேலே இருக்க வேண்டியது கீழே, கீழே இருக்க வேண்டியது மேலே.
இந்த அழுத்தத்தில் யாரும் உயிரோடு இருக்க மாட்டார்கள் என்றார்.

அது நாங்கள் தோற்ற கணக்கு, டாக்டர்.

அப்படியானால் உங்கள் கணக்கு?

பக்கத்தின் ஓரத்தில், பெட்ரூட் கறைக்கு அடியில் இருந்தது.
நூற்று எழுபத்தொன்று.
அதைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை.
இரவு மாத்திரையும் இரண்டானது.
சீட்டைக் கிழித்துக் கொடுக்கும்போது, தலை நிமிராமல்:
அடுத்த ஞாயிறு யாரோடு?

பையிலிருந்து ஜாடியை எடுத்து வைத்தேன்.
உப்புக் குறைத்துப் போட்டது,
சீக்கிரம் பூசணம் பிடிக்கும், வைத்திருக்காதீர்கள் என்றேன்.

உறைபனி விழுவதற்குள்
இன்னும் இரண்டு ஆட்டம் இருக்கிறது.
பழுக்காத தக்காளி பதினொன்று.