வழியில் இருப்பு

ஆறு வருடமாக ஒரே கிடங்கு.
ஆம்பூரில், ரயில்வே கேட்டுக்கு அப்பால்,
தகரக் கூரை, நாலு வரிசை இரும்பு ராக்கு.
அட்டவணையிலும் ஒரே பத்தி: இருப்பு.
ஒரு ஜோடி விற்றால் ஒன்று கழியும்.
திரும்பி வந்தால் ஒன்று கூடும்.

சித்திரையில் ஜுபேர் சாகிப்
இன்னும் இரண்டு பிடித்தார்:
ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஷெட்,
காட்பாடியில் பழைய அரிசி மண்டி ஒன்று.
"மூணும் நம்ம கடைதானே மா,
ஒரு வரி மாத்தினா போதாதா?"
போதாது என்று புரியவைக்கவே
ஒரு வாரம் போயிற்று.

அந்தப் பத்தியைப் பிடுங்கினேன்.
பதினேழு இடத்தில் ஒழுகியது:
பில்லில், ரிட்டர்னில், ஆடித் தள்ளுபடியில்,
"கடைசி இரண்டே ஜோடி" என்று
சிவப்பில் மினுக்கும் அந்தப் பொய்யில்.
எத்தனை என்று மட்டுமே கேட்டுப் பழகிய நிரல்
எங்கே என்று கேட்கத் தெரியாமல் விழித்தது.

சத்துவாச்சாரி மாடி அறை, நாற்பத்திரண்டு டிகிரி.
மின்விசிறி கொதிக்கிற உலையைக் கிண்டுவதுபோல்
காற்றைக் கிண்டியது.
திருப்பத்தூர்க்காரருக்கு ஆம்பூர்.
சித்தூருக்குக் காட்பாடி.
காஞ்சிபுரம் என்றால் ராணிப்பேட்டை.
செருப்பு ஒரு கிடங்கில், பெல்ட் இன்னொன்றில் இருந்தால்?
இரண்டு பெட்டியாக அனுப்பினால் கூரியர் கூலி லாபத்தைத் தின்னும்;
சேர்த்து அனுப்பக் காத்திருந்தால்
வாடிக்கையாளர் நம்மைத் தின்பார்.

வியாழன் இரவு ஏற்றினேன்.
படுத்தும் இருப்புக் கொள்ளவில்லை.
அந்தச் சொல்லை நினைத்து
இருட்டில் கொஞ்சம் சிரித்தேன்.

வெள்ளி பதினொன்றுக்கு
காட்பாடியிலிருந்து எத்திராஜ்:
"கம்ப்யூட்டர்ல நாப்பது ஜோடி கீதுன்னு வருது.
பதினோரு பில்லு வந்துட்ச்சு.
ராக்குல பாத்தா ஒண்ணுமே இல்ல மா.
கீதா, இல்லியா? இன்னா சொல்றது நானு?"

இருக்கிறது அண்ணா.
ஆம்பூரில் இல்லை, காலையிலேயே ஏற்றியாயிற்று.
காட்பாடியிலும் இல்லை, இன்னும் இறக்கவில்லை.
ஏற்றிய நொடியே வந்து சேர்ந்ததாக
எழுதி வைத்தவள் நான்.
என் நிரலில் ஆம்பூருக்கும் காட்பாடிக்கும் நடுவில்
சாலையே இல்லை.

முனிரத்தினத்தைப் போனில் பிடித்தேன்.
"பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி நிக்கிறேன் மேடம்.
டயர் பஞ்சர்."
பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துப் போயின.

அன்று மதியமே நாலாவதாக ஒரு கிடங்கு சேர்த்தேன்.
சுவர் இல்லை, பூட்டு இல்லை, கதவு எண் இல்லை.
பெயர்: வழி.
அங்கிருப்பதை எண்ணலாம், விற்க முடியாது.
எத்திராஜ் தன் கையால் எண்ணி
'வந்தது' என்று அழுத்தும்வரை
அது அங்கேதான்.
அறிக்கையைப் பார்த்த சாகிப்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்:
"வழியா? இதை எப்போ பிடிச்சோம்? வாடகை எவ்வளவு?"

சாயங்காலம் எத்திராஜ் அழுத்தினார்.
முப்பத்தொன்பது.

மறுபடி எண்ணச் சொன்னேன்.
முப்பத்தொன்பதுதான்.
வழியில் ஒன்று மிச்சம்;
திரையில் மஞ்சளாக
நகராமல் நின்றது அந்த ஒன்று.

ஏழு மணிக்கு முனிரத்தினமே கூப்பிட்டார்.
"டயர் மாத்தும்போது என் செருப்பு வார் அறுந்துச்சு மேடம்.
தார் ரோடு. கால் வைக்க முடியல.
எட்டாம் நம்பர் ஒண்ணு எடுத்து மாட்டிக்கினேன்.
சம்பளத்துல புடிச்சுக்கோங்க."

கணக்கை நேராக்க
காரணம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.
நானே வைத்த பட்டியல்:
சேதம். திருட்டு. எண்ணிக்கைப் பிழை.

மூன்றின் மேலும் சுட்டியை நகர்த்திப் பார்த்தேன்.
பிறகு பட்டியலைத் திறந்து
நாலாவதாக ஒரு வரி அடித்தேன்:
காலில்.

சேமித்தேன்.
சோதனைகள் எல்லாம் பச்சையாக வந்தன.
ராணிப்பேட்டையிலிருந்து போன் அடித்தது.