நான்கு ஆட்டத்தில் வில்னியஸ்

கவுனஸ் டிராலிபஸ் பணிமனையில்
காபி இயந்திரத்துக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருக்கிறது.
இறுதித் தொடர். ஐந்தில் மூன்று வென்றவருக்குக் கோப்பை.
ஆளுக்கு ஐந்து யூரோ, ஆளுக்கு ஒரு வரி.
முப்பத்தொரு பேர் எழுதியிருக்கிறார்கள்:
நாமே. நாமே. மூன்றே ஆட்டத்தில் நாமே.
அடியில், அழுத்தி எழுதியதில் தாளே கிழிந்த இடத்தில்,
வில்னியஸ், நான்கு ஆட்டத்தில்.
இப்படிக்கு டாங்குவோலே, ஏழாம் தடம்.

அன்றிலிருந்து சர்க்கரை டப்பாவை என் பக்கம் யாரும் நகர்த்துவதில்லை.

காரணத்தைக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.
நம் க்விதாஸ் நல்ல பையன்,
இரண்டு மீட்டர் எட்டு சென்டிமீட்டர் நல்ல பையன்.
டிசம்பரில் முழங்கால் போனபிறகு
குதித்துவிட்டுத் தரைக்கு வரும்போது
இருட்டில் படி தேடுகிறவன் மாதிரி கால் வைக்கிறான்.
அவன் எதிரே நிற்கப்போவது அலியூன்.
ரீபவுண்ட் என்றால் அவனுக்கு
லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் ஐந்தாம் மாடி வீடு,
நாளுக்குப் பத்துத் தடவை ஏறுவான், முகம் சுளிக்க மாட்டான்.

க்ளைபெடாவை அரையிறுதியில் ஊதித் தள்ளினோமே என்கிறார் ரிமாந்தாஸ்.
ஊதினோம்தான். பாதி அணிக்குக் காய்ச்சல்.
மூன்று புள்ளிக்கு இருபத்தாறு எறிந்து நான்கு விழுந்தது.
அப்படி எறிந்தால்
அவர்கள் ஊர்க் கடலே இறங்கி ஆடினாலும் தோற்கும்.

கோச்சைப் பற்றி வாயைத் திறந்தால் மூடமாட்டேன்.
டைம்-அவுட்டைச் சேர்த்துவைக்கும் கஞ்சன்.
எட்டுப் புள்ளி ஓடிப்போகும், பத்து ஓடிப்போகும்,
பட்டாணி வேகட்டும் என்பதுபோல் கைகட்டி நிற்பார்.

தவுத்விலாஸை மட்டும் ஒன்றும் சொல்லாதீர்கள்.
முப்பத்தாறு வயது, வழுக்கை, வேகம் கிடையாது.
பாதி ஊருக்கு அவனைத் தெரியாது.
பந்தைப் பார்க்காமலே தட்டிக்கொண்டு வருகிறான் பாருங்கள்,
நான் கண்ணாடியைப் பார்க்காமலே
பின்கதவு மூடிவிட்டதை அறிவதைப்போல.

முதல் ஆட்டம் ஒரு புள்ளியில் நமக்கு.
இரண்டாவது போனது. மூன்றாவது,
சொந்த அரங்கில், சொந்த மேளத்துக்கு நடுவே, போனது.
பணிமனையில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.
நான்தான் அலியூனுக்குக் கை தூக்கிவிட்டதுபோல.

நேற்று நான்காவது. வில்னியஸில்.
சோபாவில் பச்சை ஸ்கார்ஃபோடு நான்.
ஒரு புள்ளி பின்தங்கல், ஒன்பது விநாடி, க்விதாஸுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ.
பந்தை மூன்று தடவை தரையில் தட்டினான்.
அப்போது எனக்குள் ஒருத்தி சொன்னாள்:
தவறவிடு.

நாற்பது வருடம் இந்த ஸ்கார்ஃப் கட்டியவள் சொன்னாள்,
ஒரு தாளில் எழுதிய ஒரு வரிக்காக,
முப்பத்தொரு பேரிடம்
பார்த்தீர்களா என்று கேட்பதற்காக.

முதலாவது வளையத்தைச் சுற்றிச் சுற்றி, யோசித்து, விழுந்தது.
இரண்டாவது வலையை மட்டும் தொட்டது.
நான் போட்ட கூச்சலுக்குப் பக்கத்து வீட்டுக்காரி சுவரை இடித்தாள்.
அவளும் கூச்சல்தான் போட்டாள் என்று பிறகு தெரிந்தது.

காலையில் ரிமாந்தாஸ்
சர்க்கரை டப்பாவை மேசை முழுக்கத் தள்ளிக்கொண்டுவந்து
என் கோப்பையருகே விட்டார். பேசவில்லை.
புதுத் தாள் ஒட்டியாகிவிட்டது. ஐந்தாவது, நாளை, நம் அரங்கில்.
என் பெயரை அவர்களே எழுதி
பக்கத்தில் இடம் விட்டிருக்கிறார்கள்.

முழங்கால் அதே முழங்கால்தான்.
அலியூன் இன்னும் மாடி ஏறிக்கொண்டுதான் இருக்கிறான்.
என் கணக்கு மாறவில்லை, என்ன செய்ய?

பேனாவைக் காதில் செருகிக்கொண்டு வண்டி எடுத்தேன்.
சவனோரியு சாலையில் மேல்கம்பி நழுவிவிட்டது.
கையுறை மாட்டி, இறங்கி, கயிற்றை இழுத்துப் பிடித்து
அண்ணாந்து குறிபார்க்கிறேன்.
ஜன்னலெல்லாம் பச்சை ஸ்கார்ஃப்.
முதல் முயற்சி தவறியது.
உள்ளே யாரோ கைதட்டத் தொடங்கினார்கள்,
ஃப்ரீ த்ரோவுக்குத் தட்டுவதுபோல, மெதுவாக,
எல்லாரும் சேர்ந்து.