யூ இல்லாத க்யூ

போர்ட் ஹார்கோர்ட்டில், பெட்ரோல் பங்குக்குப் பின்னால்,
டயர்க் கிடங்கின் மாடியில்
வியாழன்தோறும் எங்கள் ஸ்கிராபிள்.
ஜெனரேட்டர் இருமும்.
அது நின்றால் ஆளுக்கொரு போன் வெளிச்சம்.
கடிகாரம் மட்டும் நிற்காது.

என் பெயர் பெலேமா. பகலில் மருந்துக்கடை.
டாக்டர்கள் கிறுக்கியதைப் படித்துப் பிழைப்பவளுக்கு
எந்த எழுத்தும் பயமில்லை,
க்யூவைத் தவிர.

பத்துப் புள்ளி, அதனால் வந்த திமிர்.
பின்னால் யூ வந்து நிற்காமல்
ஓர் அடி நகராது.
பை முழுக்கத் துழாவினாலும் யூ நாலே நாலு.
அதில் மூன்று எப்போதும் எதிராளி கையில்.

ஆகவே யூ இல்லாமல் பிழைக்கிற சொற்களை
அட்டைப்பெட்டியின் உட்புறம் எழுதி,
இருமல் மருந்து கேட்பவர்களுக்கு நடுவே
உருப்போட்டேன்.
சீ. திட்டவில்லை, சொல்லே அதுதான், இரண்டெழுத்து, பதினொன்று.
காட். கோஃப். கிந்தார். கனாத். தலாக்.
பொருள் தெரியாது.
பொருளுக்குப் புள்ளி கிடையாது.
நடுவரின் கணினியும் அதைச் சொல்லாது:
பச்சை என்றால் உண்டு,
சிவப்பு என்றால் இல்லை.

அன்று எதிரில் ஹாருனா.
கட்சினாக்காரர், வெங்காய லாரிகளுக்குக் கணக்கர்.
கட்டைகளை அடுக்கும்போது
அவரிடம் சத்தமே வராது.

என் பலகையில் டி, ஏ, எல், ஏ.
பைக்குள் கைவிட்டேன்: க்யூ.
துள்ளாமல் இருக்கத் தொடையைக் கிள்ளிக்கொண்டு
தலாக் என்று வைத்தேன்.
பதினான்கு. இரட்டைக் கட்டத்தில் இருபத்தெட்டு.
கடிகாரத்தைத் தட்டினேன்.

அவர் எதையும் எடுக்கவில்லை.
ஆட்சேபமா, என்றேன்.
இல்லையென்று தலையை ஆட்டினார்.
அவருடைய நேரம் ஓடியது, நாற்பது விநாடி, ஐம்பது.
பிறகு ஒவ்வொரு கட்டையாகத் தொட்டு எண்ணினார்.
"ஒன்று. ஒன்று. ஒன்று. ஒன்று.
கடைசி எழுத்துதான் விலை."

டீக்கடையில் கேட்டேன், அதற்கு என்ன அர்த்தம்?
சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டது,
இன்னும் கலக்கிக்கொண்டிருந்தார்.
"மனைவியை விலக்குகிற சொல்.
நான் போனில் சொன்னேன்,
லாரி ஸ்டாண்டில் நின்றபடி.
சிக்னல் விட்டுவிட்டு வந்தது.
முதல் இரண்டு அவளுக்குக் கேட்கவில்லை,
என்ன, என்ன, என்றாள்.
மூன்றாவது கேட்டது."

அன்றிரவு அகராதியைத் திறந்தேன்,
வாங்கிய நாளிலிருந்து முதல்முறையாக
வலப்பக்க வரிகளைப் படிக்க.
கிந்தார், அல்பேனியாவின் சில்லறைக் காசு.
காட், மென்றால் தூக்கம் வராத இலை,
எங்கள் கடையில் கிடையாது.
கோஃப், வேறொரு மொழியின் எழுத்து;
எழுத்துக்கே ஒரு சொல்லா, இருக்கட்டும்.
கனாத், பாலை மண்ணுக்கு அடியில்
தண்ணீர் நடந்துபோக வெட்டிய வழி.
இதை இத்தனை நாள்
வெறும் பதினான்காக வைத்திருந்தேனே.
சீ என்றால் மூச்சாம், உடம்பில் ஓடுகிற உயிராம்.
தலாக்குக்கு ஒரே வரி.
சிக்னல் பற்றி ஒன்றும் இல்லை.

மழைக்காலம் வந்தது. கூரைத் தகரம் காதை அடைத்தது.
கடைசிச் சுற்றில் மறுபடி ஹாருனா.
பை காலி. என் கையில், நம்புங்கள்,
அதே டி, அதே ஏ, எல், ஏ, க்யூ.
இரட்டைக் கட்டம் வாயைத் திறந்து கிடந்தது.
மூலையில் தனியாக ஓர் ஐ.
க்யூவை அதன் முன்னால் வைத்தேன்.
சீ. பதினொன்று.

தோற்றேன். எத்தனையில் என்று கேட்காதீர்கள்.

மிச்சக் கட்டைகளைக் கணக்கெடுக்க
என் பலகையைத் தன் பக்கம் திருப்பினார்.
டி. ஏ. எல். ஏ.
மழை அடித்துக்கொண்டிருந்தது.
ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டார்,
இந்த முறை சத்தம் கேட்டது.
"காட் வைத்திருக்கலாம்," என்றார்,
"பன்னிரண்டு."