உப்புத்தாள்

திருக்கைக்குக் கையில்லை.
ஆல்டரில் ஆலில்லை, விழுதுமில்லை.
பெயரை நம்பி இரண்டிடத்திலும் ஏமாந்தவள் நான்,
ஓசூரில் கிடார் உடல்களுக்கு
நாள் முழுக்க உப்புத்தாள் போடுகிறவள்.

பலகை கப்பலில் வருகிறது.
வெட்டிய கணம் வெள்ளையாம்,
காற்றுப் பட்டால் சிவக்குமாம், காயம்போல.
சூப்பர்வைசர் கிரண் சொன்னான்;
அவனும் பார்த்ததில்லை.
எங்கள் மேசைக்கு வரும்போது
அது பால் தூக்கலான டீயின் நிறம்.

ஞாயிற்றுக்கிழமை ராயக்கோட்டையில்
ஐஸ் பெட்டியிலிருந்து இறங்கியது புள்ளித் திருக்கை.
கண் முதுகில், வாய் வயிற்றில்:
தான் தின்பதைத் தானே பார்க்க முடியாத மீன்.
வாலின் முள்ளை முன்பே ஒடித்திருந்தார்கள்.
அரிவாள்மனையில் எலும்பு தட்டவில்லை,
கறுக்கென்று குருத்துத்தான்.

மூத்திர நெடி என்று முகம் சுளித்தேன்.
"யூரியாங்க அது" என்றார் மீன்கடை ஜமால்,
"உப்புத்தண்ணி உறிஞ்சிடாம இருக்க
ஒடம்புலயே வச்சிருக்கு.
எம் பொண்ணு விலங்கியல் படிக்குது.
புளி கூடப் போடுங்க, போயிரும்."

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் போனில் தேடினேன்.
ஆல்டரும் விட்ட குறையில்லை.
வேர் முடிச்சுகளில் கண்ணுக்குத் தெரியாததுகள் குடியிருந்து
காற்றைப் பிடித்து உரமாக்கித் தருமாம்,
வாடகை மாதிரி;
நம்மூர் அவரைக்கொடியில் நடப்பதுதான்,
இங்கே ஒரு மரம் முழுக்க.

என் வீட்டுக்காரர் மாதப்பன்
தக்காளிக்கு ஒரே ஒரு மூட்டை யூரியா கேட்டு
சொசைட்டி வரிசையில் மூன்றாம் நாள் நின்றிருந்தார்.
சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.
"அந்த வேரோடாவது பொறந்திருக்கணும்,
இல்ல அந்த முள்ளு வாலோடாவது."

தோலை எறிய மனமில்லை.
பூனைக்கு எட்டாமல் சிமெண்ட் ஓட்டின்மேல் காயவைத்தேன்,
நாலு வெயில்.
கம்பெனியில் கழித்த துண்டுப் பலகை
டிபன் பையில் வீடு வந்தது.

ஒருபக்கம் தள்ளினால் வழுக்கியது.
மறுபக்கம் இழுத்தால்
கடித்தது, எண்பதாம் நம்பர் தாள் அளவுக்கு.
இருபது வருஷம் தேய்த்த கை பொய் சொல்லாது.
கடல் பார்க்காத ஊரில்
கடலும் காடும்
கரகரவென்று எதையோ பேசிக்கொண்டன.
எனக்குப் புரிந்தது சத்தம் மட்டும்.

தூள் உதிர்ந்தது.
மரத்தினுடையது எவ்வளவு, மீனுடையது எவ்வளவு,
யார் பிரிப்பது?
பூனை முகர்ந்து பார்த்துத் தும்மியது.

வரிசையிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவர்
அதைப் பழைய பில்லில் அள்ளிக்கொண்டு போய்
வாய்க்காலோரக் கடைசிப் பாத்தியில் தூவினார்.

"பாக்கலாம்" என்றார்.